அண்ணல் கையாண்ட ஓர் அருஞ்சொல்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் ஏறுவோர் கழகத்தின் வரலாற்றைப் பேசுவர். அன்றேல் கல்வியின் சிறப்பைப் பேசுவர். அவ்விரண்டையும் நமக்கு முன்னே பேசியவர்கள் செவ்வனே பேசிவிட்டார்கள். ஆகவே, நாம் ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசுவதற்கு உங்கள் இசைவை வேண்டுகிறோம். அது தமிழ்ச் சொல் அன்று, ஆங்கிலச் சொல். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லியிராத சொல். 'எண்டாஸ்மோசிஸ்' என்பது அச்சொல்.

வெள்ளிவிழா நாளில் இந்த வாய்க்குள் நுழையாத சொல் எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். காரணம் உண்டு. நம் படிப்பகத்தில் இளைஞர் சிலர் ஒன்றுகூடி, அண்ணல் அம்பேத்கர் அவர்களின் 'சாதி ஒழிப்பு' நூலை ஆங்கில மூலத்திலேயே படித்துவிட வேண்டும் என்று முனைந்தார்கள். வாரம் சில பக்கங்களாகப் படித்து வருகையில், தம்முடைய இலட்சியச் சமுதாயம் எத்தகையது என்று அண்ணல் விளக்கும் இடம் வந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களும் எல்லோருக்கும் விளங்கின. சகோதரத்துவத்தை விளக்குமிடத்தில் இந்த ஒரு சொல் வந்து நின்றது. கைக்கு அகப்பட்ட சிறிய அகராதியில் அது இல்லை. 'இதைத் தாண்டிச் சென்றுவிடலாமா?' என்று ஒருவர் கேட்டார். 'தாண்ட வேண்டாம், அண்ணல் ஒரு சொல்லையும் வீணாக எழுதுபவர் அல்லர்' என்று மற்றொருவர் மறுத்தார். அந்த மறுமொழியே இந்த உரைக்கு வித்து.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம்.

இது அறிவியல் கூடத்தில் பிறந்த சொல். 1748-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பாதிரியாரும் இயற்பியல் அறிஞருமான நோலே என்பார் ஒரு சோதனை செய்தார். சாராயம் நிரம்பிய ஒரு கலத்தின் வாயை விலங்கின் நீர்ப்பையால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரம் சென்று பார்க்கையில், கட்டிய தோல் மேல்நோக்கிப் புடைத்து நின்றது. எந்தத் துளையும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் வெளித்தண்ணீர் உள்ளே சென்றிருந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, துத்ரோசே என்னும் பிரெஞ்சு உடலியல் அறிஞர் இந்நிகழ்ச்சியை நுணுகி ஆராய்ந்து 1826-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்குப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'எண்டான்' என்றால் உள்ளே. 'ஆஸ்மாஸ்' என்றால் தள்ளுதல். உள்நோக்கித் தள்ளுதல் என்னும் பொருளில் 'எண்டாஸ்மோசிஸ்' பிறந்தது. வெளிநோக்கிச் செல்லும் ஓட்டத்துக்கு 'எக்ஸாஸ்மோசிஸ்' என்று அவரே பெயரிட்டார். இரண்டு ஓட்டங்களும் ஒருங்கே நிகழ்கின்றன, ஒன்று வலிது, மற்றொன்று மெலிது என்பது அவர் கண்ட முடிபு. இந்தக் குறிப்பை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

1854-ஆம் ஆண்டளவில் தாமஸ் கிரகாம் என்னும் வேதியியல் அறிஞர், உள், வெளி என்னும் முன்னொட்டுகளை விலக்கி, இருவகைக்கும் பொதுவான ஒரு சொல்லை வழங்கினார். அதுவே நாளடைவில் 'ஆஸ்மோசிஸ்' என்று நிலைத்தது. பொதுச் சொல் பெருவழக்குப் பெற்றதும் பழைய சொல் அருகிப் போயிற்று. இன்று தாவரவியல் பாடத்தில் மட்டும் அது உயிர் பிழைத்திருக்கிறது. நம் தமிழ்ப் பாடநூல்கள் ஆஸ்மோசிஸ் என்பதைச் 'சவ்வூடு பரவல்' என்றும், எண்டாஸ்மோசிஸ் என்பதை 'உட்சவ்வூடு பரவல்' என்றும் அழகுற மொழிபெயர்த்திருக்கின்றன.

பள்ளியில் இப்பாடத்தைக் கற்காத தாய்மார்களும் இங்கு இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் சமையற்கட்டிலேயே இது நாள்தோறும் நிகழ்கிறது. உலர்ந்த திராட்சையை இரவு தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் உப்பிப் பருத்திருக்கும். திராட்சையின் தோல் ஒரு சவ்வு. உள்ளே சர்க்கரைச் செறிவு மிகுதி. வெளியே வெறும் தண்ணீர். தண்ணீர் தோலை ஊடுருவி உள்ளே செல்கிறது. இதுவே உட்சவ்வூடு பரவல். உப்பிய அதே திராட்சையைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் போட்டால் மீண்டும் சுருங்கும். எலுமிச்சையை அரிந்து உப்பிட்டு ஊறுகாய்ச் சாடியில் வைத்தால் சாறு வெளியே கசிந்து ஊறுவதும் அப்படித்தான். அது வெளிச்சவ்வூடு பரவல். செடியின் வேர்த்தூவி மண்ணிலுள்ள நீரை உள்ளிழுப்பது முதல் வகை. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது நாகை மாவட்டத்தில் கடல்நீர் புகுந்த வயல்களில் பயிர் கருகியதற்கு இரண்டாம் வகையும் ஒரு காரணம். மண்ணில் உப்பு மிகுந்துவிட்டால், சுற்றிலும் ஈரம் இருந்தும் வேரால் நீரை இழுக்க இயலாது.

இவ்வாறு தாவரத்துக்கும் தண்ணீருக்கும் உரிய சொல், மனித சமுதாயத்தைப் பற்றிப் பேசும் நூலுக்குள் எவ்வாறு வந்தது?

இடையில் தத்துவ அறிஞர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பெர்க்சன் 1889-ஆம் ஆண்டிலேயே, காலமும் இடமும் நம் எண்ணத்தில் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து கலப்பதைச் சொல்ல இவ்வறிவியல் நிகழ்ச்சியை உவமையாக எடுத்தாண்டார். பின்னர் அமெரிக்கப் பேரறிஞர் ஜான் டூயி 1916-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மக்களாட்சியும் கல்வியும்' என்னும் நூலில் இச்சொல்லைச் சமுதாயத்துக்கு உரியதாக்கினார். ஒரு சமுதாயம் சலுகை பெற்ற வகுப்பு என்றும் அடங்கி நடக்கும் வகுப்பு என்றும் இரண்டாகப் பிரிந்து நின்றால், அங்கே சமுதாய எண்டாஸ்மோசிஸ் தடைப்படும் என்பது அவர் கருத்து. அத்தடையால் கீழே உள்ளவன் மட்டும் கெடுவதில்லை. மேலே உள்ளவனுடைய பண்பாடும் வறண்டு போகிறது, அவனுடைய கலை வெறும் பகட்டாகிறது, அவனுடைய அறிவு குறுகுகிறது என்று அவர் வாதிட்டார். இஃது ஒரு கல்வி நூலில் சொல்லப்பட்டது என்பதைக் கல்விக் கழகத்தாராகிய நாம் மறவாமல் இருத்தல் வேண்டும்.

அந்த டூயி கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காலத்தில்தான், பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் அங்கே மாணவராகச் சென்றார். 1916 வரை அங்கே பயின்றார். டூயி தம் ஆசிரியர் என்பதையும், அவருக்குத் தாம் கடன்பட்டிருப்பதையும் 'சாதி ஒழிப்பு' நூலிலேயே அண்ணல் வெளிப்படையாகக் குறித்திருக்கிறார். அதே பல்கலைக்கழகம் 1952-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் அண்ணலுக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் வழங்கியது. அதற்கு நான்கு நாள்களுக்கு முன்னர்தான், ஜூன் 1-ஆம் நாள், டூயி மறைந்தார். ஆசிரியரும் மாணவரும் மீண்டும் சந்திக்க வாய்க்கவில்லை.

அண்ணல் இச்சொல்லை முதன்முதலில் 'சாதி ஒழிப்பு' நூலில்தான் கையாண்டார் என்று பலர் எண்ணுகின்றனர். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் இதனைக் கையாண்டிருக்கிறார். யாருக்கு வாக்குரிமை அளிப்பது என்பதை ஆராய வந்த சவுத்பரோ குழுவின் முன் 1919 ஜனவரியில் அவர் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். குழுவுக்கு அவர் அளித்த எழுத்து வாக்குமூலத்தில் இச்சொல் இடம்பெற்றிருக்கிறது. ஒவ்வொரு கூட்டமும் தனக்கென ஒருவகை மனப்பாங்கை வளர்த்துக்கொள்வது இயல்பு. கூட்டங்கள் பலவாக இருப்பதே தீமை அன்று. அவை ஒன்றையொன்று ஊடுருவ இடமின்றித் தனித்து அடைபட்டுக் கிடப்பதே தீமை என்பது அங்கே அவர் வாதத்தின் சாரம். ஊடுருவலுக்கு இடமிருந்தால் பழைய மனப்பாங்கு கரைந்து, எல்லோருடைய நலனையும் தழுவிய புதிய பொது மனப்பாங்கு உருவாகும் என்றார். ஆகவே, தீண்டப்படாத மக்களுக்கு அவர்களுடைய சொந்தப் பிரதிநிதிகள் சட்டமன்றத்தில் இருந்தே தீரவேண்டும் என்று முடித்தார்.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். இச்சொல்லை அவர் முதலில் கையாண்டது உருக்கமான வேண்டுகோளுக்காக அன்று, உரிமைக் கோரிக்கைக்காக. 'எங்கள்பால் அன்பு காட்டுங்கள்' என்று கேட்க அவர் அதைச் சொல்லவில்லை. 'நீங்கள் அமர்ந்து முடிவெடுக்கும் அவையில் எங்களுக்கும் இடம் வேண்டும். அப்போதுதான் எங்கள் துன்பம் உங்கள் அறிவுக்குள் புகும்' என்பதே அக்கோரிக்கையின் பொருள்.

இரண்டாம் முறை அவர் இச்சொல்லை எடுத்தது 1936-இல். லாகூரைச் சேர்ந்த 'ஜாத் பாத் தோடக் மண்டல்' என்னும் சாதி எதிர்ப்பு அமைப்பு, தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை ஏற்குமாறு அண்ணலை அழைத்தது. அவர் எழுதி அனுப்பிய உரையைப் படித்துத் திகைத்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை நீக்குமாறு வேண்டினர். அண்ணல் இசையவில்லை. மாநாடே நடைபெறாமற் போயிற்று. அவர் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு அதனை நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், தமிழிலும் அது பெயர்க்கப்பட்டிருப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

நிகழாத அந்த மாநாட்டின் உரையில்தான் அவர் சொன்னார்: சமுதாயத்தின் ஒரு பகுதியில் ஏற்படும் மாற்றம் மற்றப் பகுதிகளுக்குச் சென்று சேர வழிகள் நிறைந்திருக்க வேண்டும், பல்வேறு நலன்கள் அறிந்தே பகிர்ந்துகொள்ளப்பட வேண்டும், மனிதர் பலவகையிலும் தடையின்றித் தொடர்பு கொள்ள வேண்டும் என்று. இவற்றைத் தொகுத்து ஒரே சொல்லில் எண்டாஸ்மோசிஸ் என்றார். அதுவே சகோதரத்துவம் என்றும், மக்களாட்சி என்பது அதற்கு மற்றொரு பெயரே என்றும் காட்டினார்.

அந்த எண்ணம் நூலோடு நின்றுவிடவில்லை. 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் முன்மொழியப்பட்ட குறிக்கோள் தீர்மானத்தில் சகோதரத்துவம் என்னும் சொல் இல்லை. அண்ணல் தலைமை வகித்த வரைவுக் குழுவே அதனை முகப்புரையில் சேர்த்தது. 1949 நவம்பர் 25-ஆம் நாள் சபையில் ஆற்றிய பேருரையில், சகோதரத்துவம் இல்லையேல் சுதந்திரமும் சமத்துவமும் மேற்பூச்சாகவே நின்றுவிடும் என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார். வகுப்பறையில் கற்ற ஒரு சொல்லின் பொருள், நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தின் முகப்பில் ஏறிவிட்டது.

இனி, இச்சொல்லை எவ்வாறு பொருள் கொள்ள வேண்டும், எவ்வாறு கொள்ளக் கூடாது என்பதற்கு வருவோம். மூன்று தவறான பொருள்களை நாம் விலக்க வேண்டும்.

ஒன்று: இது கரைந்துபோதல் அன்று. ஆற்றுநீர் கடலில் சேர்ந்தால் ஆறு என்று ஒன்று இல்லை. 'உங்கள் பெயரை மறையுங்கள், ஊரை மறையுங்கள், பாட்டன் செய்த தொழிலை மறையுங்கள், எங்களோடு சேர்ந்துவிடலாம்' என்று சிலர் நமக்கு அறிவுரை கூறுவர். அது ஊடுபரவல் அன்று, ஒளிந்து வாழ்தல். செடியின் உயிரணு நீரைப் பெற்ற பின்னும் உயிரணுவாகவே இருக்கிறது. முன்னினும் திண்மையாக நிற்கிறது.

இரண்டு: இது கொடை அன்று. மேலிருந்து ஒருவர் ஊற்ற, கீழே ஒருவர் கையேந்தி நிற்பது அன்று. சொல்லைப் படைத்தவரே இரண்டு ஓட்டங்களைக் கண்டார் என்று முன்னர்க் கூறினோம் அல்லவா? ஒன்று வலிதாயினும் மற்றொன்றும் உண்டு. நமக்கு வருவது உண்டானால் நம்மிடமிருந்து செல்வதும் உண்டு. நம் உழைப்பு மட்டுமன்று. நம் கருத்தும், நம் கலையும், நம் வரலாறும், நீதி பற்றிய நம் தீர்ப்பும் அங்கே சென்று சேர வேண்டும்.

மூன்று: இது வெறும் நெருக்கம் அன்று. பேருந்தில் தோளோடு தோள் உரசி நிற்கிறோம். திரையரங்கில் அருகருகே அமர்கிறோம். இறங்கியதும் அவரவர் தெருவுக்குச் செல்கிறோம். திராட்சையை மெழுகில் பொதிந்து தண்ணீரில் போட்டால் ஆண்டுக் கணக்கில் கிடந்தாலும் உப்பாது. அருகில் இருத்தல் வேறு, ஊடுருவுதல் வேறு.

உவமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சாடியில் தண்ணீர் தானே ஓடும். எவரும் ஏவ வேண்டியதில்லை. சமுதாயத்தில் எதுவும் தானே ஓடுவதில்லை. காத்திருந்தால் காலம் மாற்றிவிடும் என்பார் சொல்லை நம்பி நாம் அமர்ந்திருக்க இயலாது. இங்கே ஒவ்வொரு வழியும் மனிதர் கையால் திறக்கப்பட்டதே.

தண்ணீரின் வரலாறே அதற்குச் சான்று. பொதுக் கிணறு, குளம் முதலியவற்றைத் தீண்டப்படாத மக்களும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் போலே என்பார் கொண்டுவந்தார். நம் சென்னைச் சட்டமன்றத்தில் 1924-இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் அத்தகைய தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். தீர்மானம் நிறைவேறியது, தண்ணீர் வரவில்லை. ஆகவே 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாட் நகரின் சவுதார் குளத்துக்கு நடந்து சென்று, குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். அதன்பின் வழக்கு நடந்து, 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கை நீருக்குப் பத்தாண்டுகள். அத்தீர்ப்பு வந்து எண்பத்தைந்து ஆண்டுகள் ஆன பின்னர், 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. ஆகவே, வழி ஒருமுறை திறந்தால் போதாது. அடைபடாமல் காக்கவும் வேண்டும்.

இவ்விடத்தில் எங்கள் கருத்து ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். சாதி ஒரு முழுச் சுவர் என்று நாம் பேசுகிறோம். சுவராக இருந்தால் எதுவும் கடவாது. ஆனால் நம் ஊர்களில் கடப்பவை பல. நம்மவர் நட்ட நாற்றின் நெல் ஊருக்குள் போயிற்று. நம்மவர் கட்டிய வீட்டில் ஊரார் குடியேறினர். நம்மவர் பறையொலியின்றி அவர்கள் வீட்டுப் பிணம் சுடுகாடு சேரவில்லை. உழைப்பு கடந்தது, உழைத்தவன் கடக்கவில்லை. நெல் சென்ற வீட்டுக்குள் நெல்லை விளைவித்தவன் செல்ல இயலவில்லை. தேநீர்க் கடையில் அவனுக்குத் தனிக் குவளை. அறிவியலார் இத்தகைய சவ்வை 'அரை ஊடுருவு சவ்வு' என்பர். சிலவற்றை விடும், சிலவற்றைத் தடுக்கும். சாதி அத்தகைய சவ்வு. தனக்கு வேண்டியதை மட்டும் உறிஞ்சிக்கொள்வது. உப்பிட்ட எலுமிச்சை போல ஒரு பக்கம் சாறிழந்து வற்றியதற்கு இதுவே காரணம்.

இளைஞர்களே, இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேச வேண்டும். வெள்ளிவிழா என்பது பிறர்மீது குறைகூறும் நாள் மட்டுமன்று. நம் கணக்கையும் பார்க்கும் நாள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பி வந்திருக்கிறது. மாலை வகுப்பு நடத்தியது. விடுதியில் இடம் பெற்றுத் தந்தது. உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித் தந்தது. படித்தவர் பலர் அலுவலராகவும் ஆசிரியராகவும் செவிலியராகவும் உயர்ந்திருக்கிறார்கள். அவர்களை நினைத்து நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே தீரவேண்டும். நம் குடியிருப்பிலிருந்து வெளியே சென்ற அறிவு, திரும்ப நம் குடியிருப்புக்குள் ஊடுருவியிருக்கிறதா? நகரத்தில் வாடகை வீடு கிடைக்க வேண்டுமே என்று ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லும் நிலைக்கு நம் பிள்ளைகளை ஆளாக்கியது சாதி, அதில் ஐயமில்லை. ஆயினும், பொங்கலுக்கு ஊருக்கு வந்த படித்தவர், தெருவில் தம்மைப் பெயர் சொல்லி அழைத்த பெரியவருக்கு முகம் கொடாமல் போனால், அந்தச் சவ்வை அங்கே நெய்தது யார்?

படிப்பு நம்மை உயர்த்தும் என்றே சொல்லி வந்தோம். உயர்த்தினால் மட்டும் போதாது, இணைக்கவும் வேண்டும் என்பதே அண்ணல் கையாண்ட சொல் நமக்குக் கற்பிப்பது. படித்தவர் படியாதவர்க்குக் கொடுப்பது ஓர் ஓட்டம். படியாதவரிடமிருந்து படித்தவர் பெறுவது மற்றோர் ஓட்டம். மண்ணின் ஈரத்தை மிதித்தே அறியும் உழவரும், பேறு பார்த்த மூதாட்டியும், கூலி உயர்வுக்காக நின்று அடிபட்ட பெரியவரும் அறிந்தவை எந்தப் பாடநூலிலும் இல்லை. அவற்றைக் கேட்டு எழுதி வைக்காவிட்டால் அவர்களோடு அவையும் போய்விடும்.

நமக்குள்ளேயும் பிரிவுகள் இருக்கின்றன. சாதி என்பது படிப்படியாக அடுக்கிய ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் விளக்கினார். ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் காலால் அழுத்த ஒரு தலை கிடைத்துவிடுகிறது. பறையர், பள்ளர், அருந்ததியர் என்று பிரிந்து நின்று, ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கும் நாம், ஊராரைப் பார்த்துச் சமத்துவம் கேட்கும்போது நம் குரல் தழுதழுக்கிறது. அருந்ததிய மக்களுக்கு 2009-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்க நேர்ந்ததே, ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் நீர் ஒரே மட்டத்தில் இல்லை என்பதைக் காட்டியது. அவ்வாறே, நம் வீடுகளில் ஆணுக்குச் சென்ற கல்வி பெண்ணுக்கு எவ்வளவு சென்றது என்பதையும் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கணக்கைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஆகவே இவ்வெள்ளிவிழாவில் மூன்று செயல்களை நம் இளைஞர்முன் வைக்கிறோம். வேலைக்குச் சென்ற ஒவ்வொருவரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிறந்த தெருவுக்கு ஒதுக்க வேண்டும். பணம் அனுப்புவது மட்டும் போதாது, நேரில் வந்து மாணவரோடு அமர வேண்டும். படிப்பகத்தில் வாரம் ஒருநாள் முதியோர் பேச, இளையோர் எழுதிக்கொள்ள வேண்டும். நம் கழகத்தின் செயற்குழுவில் எல்லாப் பிரிவினரும், பெண்களும், முடிவெடுக்கும் இடத்தில் அமர வேண்டும். 1919-இல் அண்ணல் சட்டமன்றத்துக்குக் கேட்டதை 25 ஆண்டு கண்ட நம் கழகம் தனக்குள் செய்து காட்டாவிட்டால், அவர் படத்துக்கு மாலை சூட்டும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்?

ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்தோம்; நெடுநேரம் பேசிவிட்டோம். இச்சொல்லை நீங்கள் ஆங்கிலத்தில் பிழையின்றி உச்சரிக்க வேண்டும் என்பது எங்கள் கவலை அன்று. அகராதிகளில் அஃது அருஞ்சொல்லாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அது குறிக்கும் வாழ்வு நம் தெருவில் அருமையாகிவிடக் கூடாது. இன்று இரவு வீட்டுக்குச் சென்றதும் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் நாலைந்து உலர்ந்த திராட்சைகளைப் போட்டு வையுங்கள். காலையில் உங்கள் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். ஏன் உப்பிற்று என்று அவர்கள் கேட்பார்கள். அறிவியலைச் சொல்லுங்கள், பிறகு அண்ணலைச் சொல்லுங்கள்.

 ஜெய் பீம்.